கதவிடுக்கில் ஈரத் துணி

இந்த வருடம் பயிற்சி முடித்து முதன்முறையாக விமானத்தில் சீருடையோடு ஏறப்போகும் உங்களுக்கு, ஓய்வுபெற்ற ஒரு கேபின் சூப்பர்வைசர் எழுதுவது.

ஆக்சிஜன் மாஸ்க் விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். முதலில் உங்களுக்கு, பிறகு அடுத்தவருக்கு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்கள். அதை நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. பயிற்சியில் யாரும் சொல்லித்தராத ஒரு வித்தையைச் சொல்லப்போகிறேன். எனக்கு மேலே இருந்தவர்கள் செய்ததைப் பார்த்து நான் கற்றுக்கொண்டது. எனக்குப் பின்னால் வந்த பலருக்கு நானே பெருமையோடு கற்றுக்கொடுத்தது.

விமானக் கதவைச் சுற்றி ஒரு ரப்பர் பட்டை இருக்கும். அது பழசானாலோ ஓரத்தில் லேசாகப் பிய்ந்தாலோ, விமானம் மேலே ஏறும்போது உள்ளிருக்கும் காற்று அந்த வழியாக வெளியே போகப் பார்க்கும். அப்போது ஒரு விசில் கேட்கும். பயணிகள் திரும்பிப் பார்ப்பார்கள். பின்வரிசையில் இருப்பவர் மணியை அழுத்துவார். பழைய ஆள் ஒருவர் எழுந்து வந்து, துணி நாப்கினைத் தண்ணீரில் நனைத்து, கரண்டிக் காம்பால் அந்த இடுக்கில் திணிப்பார். அங்கே இருக்கும் குளிரில் துணி உறைந்து கல்லாகிவிடும். விசில் நின்றுவிடும். எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிடுவார்கள். விமானம் தரையிறங்கும்போது துணியை உருவி எறிந்துவிடுவோம்.

அழுகிற குழந்தையின் வாயைப் பொத்துவது போன்ற வைத்தியம் இது. நிற்பது சத்தம் மட்டும்தான்.

முறைப்படி என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. விமானிக்குச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் ஒருமுறை சொன்னேன். கேப்டன் விமானத்தைத் திருப்பிப் புறப்பட்ட இடத்திலேயே இறக்கினார். பொறியாளர்கள் கதவைத் தடவிப் பார்த்து ஒன்றுமில்லை என்றார்கள். அன்று எல்லோருடைய நேரமும் வீணானது. ஊழியர் பேருந்தில் அந்தக் கேப்டன் எல்லோருக்கும் கேட்கும்படி, "சாருக்கு வீட்ல குக்கர் விசில் கேக்குதோ இல்லையோ, ஃப்ளைட்ல மட்டும் கரெக்டா கேக்குது" என்றார். பேருந்து முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் கெட்டவர் அல்லர். எரிபொருள் கணக்கு கேட்டு அவரை மேலே இருந்தவர்கள் வறுத்தெடுத்திருப்பார்கள். ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பிறகு நான் காக்பிட்டுக்கு விசிலைப் பற்றிச் சொன்னதே இல்லை. ஒரு நாப்கினை நனைப்பது எவ்வளவு சுலபம்.

இனி ஷீபாவைப் பற்றி.

ஆவடிப் பெண். அப்பா ஒரு தொழிற்சாலையில் வெல்டிங் வேலையைப் பரிசோதித்து முத்திரை போடும் பணியில் இருந்தவர். சர்ச், பள்ளிக்கூடம், கல்லூரி எல்லாம் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் வளர்ந்தவள், நேராக எங்கள் விமானத்துக்கு வந்தாள். பணி இன்னும் உறுதியாகாத காலம். கொல்கத்தாவிலிருந்து சென்னைக்கு ஒரு மதியப் பயணத்தில் என் குழுவில் இருந்தாள்.

விமானம் மேலே ஏறிக்கொண்டிருந்தபோது பின்பக்கத்திலிருந்து இன்டர்காமில் அழைத்தாள்.

"சார், பின்னாடி லெஃப்ட் கதவுல விசில் அடிக்குது."

"யாரு அடிக்கிறா?"

"காத்துதான் சார். கொஞ்சம் வந்து பாக்குறீங்களா?"

போனேன். அவளுடன் பின்பக்கம் இருக்க வேண்டிய இன்னொரு பெண், சக்கர நாற்காலியில் வந்த ஒரு பயணிக்காக முன்பக்கம் போயிருந்தாள். நாங்கள் இருவர் மட்டும்தான். நான் நாப்கினை நனைத்தேன், திணித்தேன், விசில் நின்றது. "பாத்தியா? இதுக்குப் பேருதான் எக்ஸ்பீரியன்ஸ்" என்றேன்.

அவள் கதவையே பார்த்தாள். "சத்தம் நின்னுடுச்சு சார். காத்து போறது நின்னுச்சா?"

"ஆவடி பஸ்ல போனது இல்லையா நீ? மழையில ஷட்டர் இறங்கலன்னா பேப்பரைச் சுருட்டி அடைப்பாங்க. பஸ் போய்ச் சேராமலா இருக்கு?"

"பஸ்ல கண்டக்டர்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லுவாங்க சார்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "காக்பிட்ல சொல்லிடலாமா?" என்று அவள் கேட்டாள். "நான் பாத்துக்கறேன்" என்றேன்.

'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று உங்கள் மேலதிகாரி சொன்னால், எப்போது பார்க்கப்போகிறார் என்று கேளுங்கள். கோபப்படுவார். கேளுங்கள்.

விமானம் முழு உயரத்துக்கு வந்தது. நடுப்பகுதியில் ட்ராலியோடு டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். ஷீபா இருக்கைகளுக்கு நடுவே வேகமாக வந்து என் காதருகே பேசினாள். வேலையில் அவள் எப்போதும் பயிற்சியில் கற்ற தமிழோ ஆங்கிலமோதான் பேசுவாள். அன்று பதற்றத்தில் வீட்டுப் பேச்சு வந்துவிட்டது.

"சார், துணி உள்ளாற இழுத்துகினு போவுது. இப்ப விசில் இல்ல, புஸ்ஸுன்னு கீது. கதவாண்ட நிக்கவே முடில, அவ்ளோ சில்லுனு கீது சார்."

அதற்கு நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "ஷீபா, பயணிகள் முன்னாடி ஒழுங்காப் பேசு."

அவள் முகம் சுண்டிவிட்டது. "சாரி சார்" என்றாள். நான் அடுத்த கோப்பையை நிரப்பினேன். முதுகலைப் படிப்பு படித்தவன் நான். அந்தப் படிப்பு அன்றைக்கு, உயிருக்குப் பயந்து பேசிய ஒரு பெண்ணின் தமிழைத் திருத்துவதற்குத்தான் பயன்பட்டது. அவள் சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. துணி உள்ளே போகிறதென்றால் கிழிசல் பெரிதாகிறது என்று அர்த்தம். இந்த வரிசை முடியட்டும், பிறகு போய்ப் பார்ப்போம் என்று நினைத்தேன். வரிசை முடிந்ததும் அடுத்த வரிசை வந்தது.

கைக்குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக அழத் தொடங்கின. சிலர் காதைத் தேய்த்துக்கொண்டார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருப்பதாகக் கொஞ்சம் முன்னால் என்னிடம் பேச்சுக் கொடுத்த பெரிய மீசைக்காரர், தன் மிக்சர் பாக்கெட்டை உயர்த்திக் காட்டினார்.

"சார், இன்னா இது, பாக்கெட்டு பலூன் கணக்கா ஊதிகினு கீது? காத்துக்கும் சேத்துத்தான் காசு வாங்குனீங்களா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மேலே போகும்போது எந்த பாக்கெட்டும் கொஞ்சம் உப்பும். இது வெடிக்கப்போவது போல உப்பியிருந்தது. உள்ளே காற்றழுத்தம் குறைகிறது என்று இதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு எடுத்துச் சொல்லியிருக்க முடியாது.

நிமிர்ந்தபோது பின்பக்கத்தில் ஷீபா இன்டர்காமைக் காதில் வைத்திருப்பதைப் பார்த்தேன். என்னை அழைக்கவில்லை. என்னைத் தாண்டி விமானிகளோடு பேசிக்கொண்டிருந்தாள். எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. தரையிறங்கட்டும், பேசிக்கொள்கிறேன் என்று நினைத்தேன்.

அவள் பேசி முடிப்பதற்குள் விமானத்தின் மூக்கு இறங்கத் தொடங்கியது. அடுத்து பின்னாலிருந்து பெரிய போர்வையைக் கிழிப்பது போல ஒரு சத்தம். உள்ளே பனிமூட்டம் மாதிரி வெண்மை பரவியது. தலைக்கு மேல் மூடிகள் திறந்து மாஸ்க்குகள் தொங்கின.

இனிமேல் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். பிராணவாயு குறையும்போது மூச்சு முட்டும், திணறுவோம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்கு அப்படி எதுவும் இல்லை. மிக இதமாக இருந்தது. மனசு லேசாகி, எல்லோர்மீதும் பிரியமாக இருந்தது. டீயைக் கொடுத்து முடித்துவிட வேண்டும் என்ற எண்ணம் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. முகத்துக்கு முன்னால் மாஸ்க்குகள் ஆட, சரியும் ட்ராலியை முழங்காலால் முட்டுக்கொடுத்து நிறுத்தி, ஒரு கோப்பையில் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். கோப்பை நிரம்பி வழிந்து என் காலணியில் கொட்டியது. அதுகூடத் தவறாகத் தெரியவில்லை.

மீசைக்காரர் என் இடுப்புப் பட்டையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். ஒவ்வொரு வரிசையிலும் ஒரு மாஸ்க் கூடுதலாக இருக்கும் அல்லவா? அதை இழுத்து என் முகத்தில் அழுத்தினார். தன் மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கிச் சொன்னார்.

"அண்ணாத்தே, டீய அப்பால ஊத்தலாம். மொதல்ல இத்த மூஞ்சில வெச்சிகினு குந்து."

குந்தினேன். இரண்டு மூச்சு இழுத்ததும் பயம் வந்தது. அப்படியொரு பயம் என் வாழ்க்கையில் அதற்கு முன் வந்ததில்லை. தெளிவு வந்ததன் அடையாளம் அந்தப் பயம்தான். ஆபத்தான நேரத்தில் உங்களுக்கு மனசு ரொம்ப இதமாக இருந்தால் அந்த இதத்தைச் சந்தேகப்படுங்கள்.

விமானம் தாழ்வான உயரத்துக்கு வந்து சென்னையில் இறங்கியது. சிலருக்குக் காதுவலி, ஒருவருக்கு மூக்கில் ரத்தம். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஷீபாவின் அழைப்பு வந்ததால்தான் அழுத்தமானியைப் பார்த்ததாகவும், எச்சரிக்கை ஒலிக்கும் முன்பே இறக்கத் தொடங்கியதாகவும் அன்றைய கேப்டன் பிறகு சொன்னார். கொஞ்சம் தாமதித்திருந்தால் எத்தனை பேர் மயங்கியிருப்பார்கள் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பொறியாளர்கள் பின்கதவைத் திறந்தபோது ரப்பர் பட்டை நீளமாகக் கிழிந்திருந்தது. கிழிசலுக்குள் எங்கள் நாப்கின் சுருண்டு கிடந்தது. உறைந்த துணிதான் பட்டையை இன்னும் அகட்டியிருக்க வேண்டும் என்றார்கள். அப்படியானால் துணியை வைத்தவர் யார்?

விசாரணையில் மூன்று அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். மரியாதையாகப் பேசினார்கள். எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். "கதவில் துணி வைத்தது யார் என்று உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்கள்.

"தெரியாது" என்றேன்.

ஷீபாமீது பழி போடவில்லை. அவள் பெயரையே சொல்லவில்லை. பின்கதவு அவளுடைய பொறுப்பு என்று அவர்களுக்கே தெரியும். நான் ஒன்றும் சொல்லத் தேவையிருக்கவில்லை. ஷீபா நடந்ததை அப்படியே சொன்னாள். ஆனால் ஒரு பக்கம், பதக்கம் வாங்கிய, ஓய்வை நெருங்கும் சூப்பர்வைசர். இன்னொரு பக்கம், பணி உறுதியாகாத பெண். இவளே துணியை வைத்தாள், நிலைமை முற்றியதும் பயந்து விமானிக்குச் சொன்னாள், இப்போது மேலதிகாரிமீது பழி போடுகிறாள் என்று முடிவு செய்தார்கள். பாதுகாப்புக் குறைபாட்டை மறைத்ததாகச் சொல்லி அவளை வேலையிலிருந்து எடுத்தார்கள். முடிவு வந்த அன்று அலுவலக வாசலில் என்னைப் பார்த்தாள். நான் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன். யாரும் அழைத்திருக்கவில்லை.

சில வருடங்கள் போயின. எனக்குச் சால்வை போட்டு வழியனுப்பினார்கள். கொரட்டூரில் ஏரியைப் பார்த்த பால்கனி உள்ள வீட்டில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். ஷீபாவின் முகவரி எனக்குத் தெரியும். நான்கைந்து ஸ்டேஷன் தள்ளித்தான் அவள் வீடு. போகவில்லை. போகாததற்கு ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம் கிடைத்தது.

போன வருடம் கண் பரிசோதனைக்கு அம்பத்தூர் போய்விட்டு, ஸ்டேஷனில் ரயிலுக்காக நின்றிருந்தேன். பக்கத்தில் ஒரு குரல்.

"சார், நல்லா இருக்கீங்களா?"

ஷீபா. கழுத்தில் ஏதோ கம்பெனி அடையாள அட்டை. அம்பத்தூரில் ஒரு கால்சென்டரில் வேலை பார்ப்பதாகச் சொன்னாள். என் கண்ணைப் பற்றி விசாரித்தாள். சொட்டு மருந்து ஊற்றியிருக்கிறார்கள், வெளிச்சம் கூசும், பார்த்துப் போங்கள் என்றாள். அவள் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நான் ஏற வேண்டிய ரயில் வந்து நின்றது. போய்விட்டது. ஆவடி ரயில் வந்தபோது அவளோடு ஏறிவிட்டேன்.

"சார், இது கொரட்டூர் போவாது."

"தெரியும்."

ஜன்னலோரம் உட்கார்ந்தோம். எப்படித் தொடங்குவதென்று தெரியாமல், "ஷீபா, அன்னிக்குத் துணியை வெச்சது நான்தான்" என்றேன்.

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "தெரியும் சார். பக்கத்துலயே நான்தான நின்னுகினு இருந்தேன்."

எதிரே இருந்தவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். வருடக்கணக்காக மனசில் ஒத்திகை பார்த்த வாக்கியம் அவ்வளவு சிறியதாகிவிட்டது. மன்னிப்புக் கேட்டேன். கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"என்கிட்ட சொல்லி இன்னா சார் பண்றது? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்ட சொல்லுங்க."

"கம்பெனிக்கு எழுதிக் குடுக்கறேன்."

"குடுங்க. குடுக்கத்தான் வேணும். புதுசா வர்ற பசங்களுக்கும் சொல்லுங்க. என் பேரை மாத்தாம சொல்லுங்க."

எழுதிக்கொடுத்துவிட்டேன். அவளுடைய பணிச் சான்றிதழைத் திருத்தித் தந்துவிட்டார்கள். திரும்ப வரச் சொன்னார்கள், அவள் போகவில்லை. இந்தக் கட்டுரையும் அவள் பேரை மாற்றாமல் எழுதுவதுதான். ஆனால் ரயிலில் அவள் முக்கியமாகக் கேட்டது இந்த இரண்டையும் அல்ல.

திருமுல்லைவாயில் தாண்டியதும் சொன்னாள். "எங்க வீட்ல டெய்லி சாயங்காலம் குடும்ப ஜெபம் சார். எல்லாரும் பாய்ல உக்காருவோம். டாடி ஜெபம் பண்ணுவாரு. அந்த ஃப்ளைட்ல இருந்த ஜனங்களைக் காப்பாத்துனதுக்கு ஸ்தோத்திரம்னு சொல்லுவாரு. அப்புறம், என் மகள் அஜாக்கிரதையா செஞ்ச தப்ப மன்னியும் ஆண்டவரேன்னு சொல்லுவாரு. வேலை போன நாள்லேர்ந்து டெய்லி. நான் பக்கத்துலயே கண்ண மூடிகினு உக்காந்திருப்பேன்."

"நீ சொல்லலையா அவர்கிட்ட?"

"சொன்னேன். டாடி இன்ஸ்பெக்ஷன்ல இருந்தவரு. என்கொயரி முடிஞ்சு முத்திரை போட்டு பேப்பர்ல வந்துட்டா அவருக்கு அதான் உண்மை. வீம்பு இல்ல சார். பாவம், அப்படியே பழகிட்டாரு. நான் ஒத்துகினா ஆண்டவர் மன்னிப்பாருன்னு எனக்காகத்தான் அழுவாரு." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "அது நிக்கணும் சார். அது நின்னா போதும்" என்றாள்.

ஸ்டேஷனுக்குப் பின்னால் குறுகலான தெருவில் வீடு. அவள் அப்பா கதவைத் திறந்தார். மெலிந்த மனிதர், மடிப்புக் கலையாத சட்டை. "டாடி, இவருதான் எங்க சூப்பர்வைசர் சார்" என்று ஷீபா சொன்னதும், என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"ஸ்தோத்திரம் சார். வாங்க, உள்ள வாங்க. உங்கள ஒருதபா வந்து பாக்கணும்னு நெனச்சிகினே இருந்தேன். என் பொண்ணால உங்களுக்கு எவ்ளோ தலைகுனிவு. சின்னப் பொண்ணு சார், மனசுல வெச்சிக்காதீங்க."

அவர் கையை விடவில்லை. அந்தப் பிடியில் நின்றுகொண்டேதான் சொன்னேன். நாப்கின், அவள் மூன்று முறை எச்சரித்தது, நான் அவள் பேச்சைத் திருத்தியது, விசாரணை அறையில் சொன்ன ஒரே சொல். எதையும் விடவில்லை. பாதியில் அவர் கை தளர்ந்தது.

"தெரியாதுன்னு சொன்னீங்களா?"

"ஆமாங்க."

"தெரிஞ்சிகினே?"

"ஆமாங்க."

என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மகளைத்தான் பார்த்தார்.

"நீ சொன்னியேம்மா."

"சொன்னேன் டாடி."

"நான் நம்பல."

"ஆமா டாடி."

சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அவள் அம்மா வந்து பாயை விரித்தார். ஜெப நேரம் ஆகியிருந்தது. நான் கிளம்பினேன். "குந்துங்க சார், ஜெபம் முடிச்சிகினு போலாம்" என்று ஷீபாதான் சொன்னாள். சுவரோரம் உட்கார்ந்தேன்.

அவள் அப்பா கண்ணை மூடி, "எங்கள் பரலோகப் பிதாவே" என்று தொடங்கினார். அதற்கு மேல் வரவில்லை. தொண்டையைச் செருமிவிட்டு மறுபடி தொடங்கினார். மறுபடியும் நின்றது. பழகிப்போன அடுத்த வாக்கியம் வாய் வரை வந்து நிற்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

"நீ பண்ணும்மா" என்றார்.

ஷீபா கண்ணை மூடினாள். இந்த நாளைக் கொடுத்ததற்கு ஸ்தோத்திரம் சொன்னாள். அம்மாவின் முழங்கால் வலிக்காக, பக்கத்து வீட்டுப் பையனின் பரீட்சைக்காக, தெருவில் தண்ணீர் ஒழுங்காக வருவதற்காக வேண்டினாள். வீட்டுக்கு வந்திருக்கும் சார் கண்ணில் மருந்தோடு வந்திருக்கிறார், பத்திரமாக கொரட்டூர் போய்ச் சேர வேண்டும் ஆண்டவரே என்றாள். ஆமென் என்றாள். விமானத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

அவள் அப்பா ஜெபம் முடியும்வரை கண்ணை மூடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.